பாம்பனுக்கு அப்பால் ஐந்து நாள்

முதல் நாள்: திருச்சி – ராமேஸ்வரம்

காலை ஐந்தரைக்கே ஆட்டோ வந்துவிட்டது. பையை இவர் எடுத்துக்கொண்டார், கேட்டை நான் சாத்தினேன். ஒரு வருடமாக அந்தக் கேட்டைச் சாத்துவது என் வேலை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன், சொல்ல வந்தால்.

டிக்கெட் எடுத்ததே ஒரு கதை. எங்களுக்கு ரயில்வே கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவன் தம்பி. மகனை வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஓடிபி அவனுடைய எண்ணுக்குத்தான் போகும். அதை மாற்றிவிடுங்கள் என்று கோயம்புத்தூரிலிருந்து மகள் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள். மாற்றவில்லை. இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்கிறோம். கைபேசி சாமி அலமாரிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கிறது. டிக்கெட் போட்ட அன்று அது ஒலித்ததும் இவர் ஓடிப்போய் எடுத்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக, ஏதோ மந்திரம் சொல்வதுபோல வாசித்தார். நான் தட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுபடி வரவழைத்தோம். இந்த முறை ஐந்தை ஒன்பது என்று வாசித்தார். எனக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால், "பரவாயில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம்" என்றுதான் சொன்னேன்.

இப்போதெல்லாம் நாங்கள் ஒருவரையொருவர் கடிந்துகொள்வதில்லை. விருந்தாளிகள் மாதிரி இருக்கிறோம். "காபி போடட்டுமா?" "உனக்குச் சிரமம் இல்லையென்றால் போடு." முப்பது வருடக் குடித்தனத்தில் இப்படியொரு மரியாதையை நான் கண்டதில்லை. பார்க்கிறவர்களுக்கு அது அன்னியோன்னியமாகத் தெரிகிறதாம்.

வருடம் திரும்பும்வரை கோயில் குளத்துக்குப் போகக் கூடாது என்றார்கள். வருடம் திரும்பிவிட்டது. அக்னி தீர்த்தத்தில் முழுகித் திதி கொடுக்க வேண்டும் என்று இவர் புறப்பட்டார். எனக்குத் திதி பெரிதில்லை. நான் பார்க்க வந்தது பாலத்தை.

தம்பிக்குப் பாம்பன் பாலம் என்றால் பைத்தியம். 1914-இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்திவிட்டார்கள். பக்கத்திலேயே புதிய பாலம் எழும்பிக்கொண்டிருந்தது. தூண் தூணாக அது வளர்ந்த படங்களையெல்லாம் எனக்குக் காட்டுவான். "பழைய பாலம் நடுவில் இரண்டாகப் பிளந்து, இரண்டு கைகளைத் தூக்குகிற மாதிரி திறக்கும் அம்மா. அதையும் ஆட்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பார்கள். புதிது அப்படி இல்லை. 72.5 மீட்டர் நீளத் துண்டு, தண்டவாளத்தோடு சேர்த்து, லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகும்." கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் படம் வரைந்துகூடக் காட்டினான். நான் பருப்பு தாளித்துக்கொண்டே "ம்" கொட்டினேன். பாலம் திறந்ததும் மூன்று பேரும் பகல் ரயிலில் போக வேண்டும் என்பது அவன் திட்டம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள். அவன் போனது அதற்கு முந்தைய ஆவணியில்.

காரைக்குடியில் ஏறிய அம்மாள் ஒருவர் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டார். இந்த நாட்டில் ரயிலில் ஏறினால் தப்பிக்க முடியாத கேள்வி. "இரண்டு" என்றேன். "என்ன செய்கிறார்கள்?" "மகள் கோயம்புத்தூரில். மகன் சென்னையில் வேலையாக இருக்கிறான்." சரளமாக வந்தது. எதிரில் இருந்த இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்போது வெளியே பார்ப்பதற்கு வேலிக் கருவையைத் தவிர ஒன்றும் இல்லை.

மண்டபம் தாண்டியதும் பெட்டியே எழுந்து நின்றது. வாசலில் நான்கு இளைஞர்கள் கைபேசியை நீட்டி அடைத்துக்கொண்டார்கள். என் ஜன்னலுக்கும் எனக்கும் நடுவே ஒரு பெரியவர் குனிந்து நின்றார். அவர் முழங்கை என் மூக்கருகே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் ஐயா" என்றேன், கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஒரு நிமிடம் அம்மா, படம் எடுத்துக்கொள்கிறேன்" என்றார். முழங்கையை முறைத்துக்கொண்டே இருந்தேனா, அந்த முறைப்பிலேயே இரும்புச் சட்டகம் ஒன்று விர்ரென்று கடந்து போனது. எதைப் பார்க்க ஒரு வருடம் காத்திருந்தேனோ அது போய்விட்டது. நான் பார்த்தது கோடு போட்ட முழுக்கைச் சட்டையின் பித்தானை.

இரண்டாம் நாள்: ராமேஸ்வரம்

அக்னி தீர்த்தம் என்று சொல்வது கோயிலுக்குக் கிழக்கே இருக்கும் கடலைத்தான். அலை பெரிதாக இல்லை. அதிகாலையிலேயே கரை முழுக்க ஈரத் துணியும் எள்ளும் பிண்டமும் காக்கையுமாக இருந்தது. பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்த புரோகிதர் ஒருவர் எங்களை அழைத்தார். கோத்திரம் கேட்டார், தெரியவில்லை என்றோம், சிவகோத்திரம் என்று சொல்லிக்கொண்டார். தினமும் நூறு பேருக்குச் செய்கிறவர், கை தானாக ஓடுகிறது.

"தகப்பனார் பெயர்?"

இவர் என் மாமனார் பெயரைச் சொன்னார்.

"அவருக்குத்தானே திதி?"

"இல்லை. என் மகனுக்கு."

"அப்படியென்றால் இறந்தவருடைய தகப்பனார் பெயரைச் சொல்லுங்கள்."

இவருக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு தன் பெயரைச் சொன்னார். புரோகிதர் அதை ஒரு தடவை உச்சரித்தார், இவரும் திருப்பிச் சொன்னார். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிட்டதும் எழுந்து நிற்கும் பையனைப் போல இருந்தது அந்தக் குரல். மற்றபடி எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. அவன் போன பிறகு அலுவலகங்களுக்கு அலைந்தபோது நடந்தது இதற்கு நேர் எதிர். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி, மணமாகாத மகன் உயில் எழுதாமல் போனால் தாய் முதல் வகுப்பு வாரிசு. தகப்பன் இரண்டாம் வகுப்பு. அவன் வங்கிக் கணக்கில் கிடந்த பதினோராயிரத்துச் சொச்சம் ரூபாய்க்காகப் போனபோது ஒரு எழுத்தர் அதை விளக்கி, "நீங்கள் கையெழுத்துப் போடுங்கள் அம்மா, சார் தேவையில்லை" என்றார். இவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரமாக நின்றுகொண்டார். காகிதத்துக்கு நான், கடற்கரைக்கு அவர். அரசாங்கமும் சாஸ்திரமும் தங்களுக்குள் பேசிக்கொள்வது இல்லை போலிருக்கிறது.

பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தம். கிணறு கிணறாக வரிசை. ஒவ்வொரு கிணற்று மேட்டிலும் ஒருவர் நின்று வாளியில் இறைத்துத் தலையில் கொட்டுகிறார். ஒரு கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது, அடுத்தது வெதுவெதுப்பு. சுவையும் ஒன்று போல இல்லை. எட்டாவது கிணறோ ஒன்பதாவதோ, எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் புகுந்தது. "எங்கள் ஆள் முன்னால் நிற்கிறார்" என்று ஒருவர் நுழைந்தார், அவர் பின்னால் ஆறு பேர். நனைந்த புடவை காலைத் தட்ட, நின்ற இடத்தில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அந்த ஆளின் பிடரியைப் பார்த்து மனத்துக்குள் நான் பேசிய பேச்சை எழுத முடியாது.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். இவ்வளவு பெரிதைப் பார்த்துவிட்டாய், இனிமேல் சின்ன விஷயமெல்லாம் உன்னைத் தொடாது என்று. நானும் நம்பினேன். கொடுத்த விலைக்கு அதாவது கிடைக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு வாளித் தண்ணீருக்கு முந்திக்கொண்டவனை அடிக்கக் கை வருகிறது. வெட்கமாகத்தான் இருந்தது. கூடவே, அந்த அரை நிமிடம் தம்பி நினைவுக்கே வரவில்லை என்பதையும் கவனித்தேன். ஒரு வருடத்தில் அப்படியொரு இடைவெளி கிடைத்தது எரிச்சலால் மட்டும்தான்.

கடைசியாகக் கோடி தீர்த்தம். ஈரத் துணியோடு சன்னிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் புடவையை மாற்றிக்கொண்டு போய்த் தரிசனம் செய்தோம். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்: தனுஷ்கோடி

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலில் குதிக்கும் வேன்தான். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். இடது பக்கம் ஒரு கடல், வலது பக்கம் ஒரு கடல். அமைதியாகக் கிடப்பதைப் பெண் கடல் என்றும் கொந்தளிப்பதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் எல்லாம் நேர்மாறு என்று தம்பி இருந்தால் சொல்லியிருப்பான்.

ஆட்டோக்காரத் தம்பி வழிநெடுக ஒரே பாட்டு: "ஒரே ராத்திரியில் ஊரே காலி அம்மா." மாதா கோயில் இடிபாட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி அதையே மறுபடி சொன்னார். பவளப்பாறைக் கல்லால் கட்டிய சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதில் சாய்ந்து புது மணத் தம்பதி படம் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்தில் மீன் வறுக்கும் எண்ணெய் வாடை. செத்த ஊரை வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நானும் ஒருத்தி, குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து இங்கே ரயிலில் வந்து, கப்பலேறித் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயில் பிடித்துக் கொழும்புக்குப் போனார்கள். சுங்க அலுவலகம், தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், ரயில் நிலையம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன்பு 653-ஆம் எண் பயணிகள் ரயில் பாம்பனிலிருந்து புறப்பட்டது. தனுஷ்கோடி நிலையத்துக்குச் சில நூறு அடி தூரத்தில் சிக்னல் வேலை செய்யவில்லை. ஓட்டுநர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். சிக்னல் வரவில்லை. நீளமாக ஊதிவிட்டு வண்டியை நகர்த்தினார். அப்போதுதான் கடல் மேலே வந்தது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இதெல்லாம் தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும். புயலில் பாம்பன் பாலத்தின் உத்தரங்களில் 126 போய்விட்டதையும், அப்போது இளம் பொறியாளராக இருந்த ஸ்ரீதரன் நாற்பத்தாறே நாளில் பாலத்தைச் சரிசெய்ததையும்தான் அவன் உற்சாகமாகச் சொல்வான். அவனுக்குச் சரிசெய்த கதைதான் பிடிக்கும்.

எனக்கு மனத்தில் ஒட்டிக்கொண்டது அந்த ஓட்டுநர் காத்திருந்த நேரம். அது எத்தனை நிமிடம்? சிக்னல் உடனே விழுந்திருந்தால் நிலையத்துக்குள் போயிருப்பார், ஆனால் நிலையமும் அன்று மிஞ்சவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால்? நிற்கிற வண்டியைக் கடல் விட்டுவிடுமா? எப்படிக் கூட்டினாலும் விடை வரவில்லை. ஆனால் அந்த ஓட்டுநர் வீட்டில் ஒருத்தி இந்தக் கணக்கைப் போடாமல் இருந்திருக்க மாட்டாள்.

கேட்டு விஷயத்துக்கு வந்துவிட்டேன். சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை தம்பி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுத் தெருமுனை வரைக்கும் போய்விட்டான். நான் வாசலுக்கு வந்து, "கேட்டைச் சாத்திவிட்டுப் போடா, மாடு வந்து செடியை மேய்கிறது, எத்தனை தடவை சொல்வது" என்று கத்தினேன். திரும்பி வந்தான். இறங்கினான், சாத்தினான், கொண்டியைப் போட்டான். 'போதுமா?' என்பதுபோலக் கையை விரித்துக் காட்டிவிட்டுப் போனான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அரை நிமிடம். முச்சந்திக் கேமராவில் தண்ணீர் லாரி திரும்பிய நேரம் 8 மணி 41 நிமிடம் 20 விநாடி. காவல் நிலையத்தில் காட்டினார்கள். நான் கத்தாமல் இருந்திருந்தால் 8.40.50-க்கு அவன் அந்த இடத்தைத் தாண்டியிருப்பான்.

இவருக்கு இது தெரியாது. அப்போது இவர் குளித்துக்கொண்டிருந்தார்.

2022-இல் நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று அரசாங்கக் கணக்கைப் படித்தேன். இலட்சத்தையும் ஆயிரத்தையும் விட்டுவிட்டு, கடைசியில் நிற்கும் ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது யார் வீட்டுப் பிள்ளையோ.

திரும்பும் வழியில் ஒரு கிளிஞ்சல் கடை. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி வைத்திருந்த ஊற்றில் சிரட்டையால் தண்ணீர் மொண்டு கொடுத்தார். குடித்தால் நல்ல தண்ணீர், துளி உப்பு இல்லை. "எத்தனை பிள்ளைகள் அம்மா?" என்று அவரும் கேட்டார். இந்தத் தடவை வாய் சென்னைக்குப் போகவில்லை. "இரண்டு. மகன் இல்லை, போன வருடம் தவறிவிட்டான்." "என்ன வயது?" "இருபத்துமூன்று." அவர் உச்சுக் கொட்டவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "சங்கு வேண்டாமா?" என்று கேட்டார். நூற்றைம்பது சொன்னார், நூறுக்குக் கேட்டேன், நூற்றிருபதுக்கு முடிந்தது. அந்தப் பேரம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

நான்காம் நாள்: அறையிலேயே

நேற்று இரவு நடந்ததை இன்று எழுதுகிறேன்.

விடுதி அறைக்குத் திரும்பியதும் இவர் கால் கழுவிவிட்டு வந்து, ஈர வேட்டியைச் சுருட்டி என் கட்டில் ஓரத்தில் போட்டார். தலையணை நனைந்தது. "ஈரத் துணியைக் கட்டிலில் போடாதீர்கள் என்று எத்தனை வருடமாகச் சொல்கிறேன்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறைத் தொலைக்காட்சிச் சத்தம் குறைந்தது. நாளைக்கு இரண்டு பேரில் ஒருவர் இல்லாமல் போனால் கடைசிப் பேச்சு இதுவாகத்தான் இருக்கும் என்று வழக்கமான பயம் தொண்டையில் வந்து நின்றது.

இவர் என்னையே பார்த்தார். பிறகு அவரும் கத்தினார். "அந்த ஃபேனைப் போட்டுத் தொலைத்தால் காய்ந்துவிட்டுப் போகிறது! ஒரு வருடமாக வாயே திறக்கவில்லை, இப்போது வேட்டிதான் கிடைத்ததா?" நான் விடவில்லை, ஓடிபியை இழுத்தேன். அவர், ரயிலில் அந்த அம்மாளிடம் நான் சொன்ன பொய்யை இழுத்தார். எங்கெங்கோ போய்க் கேட்டில் வந்து நின்றது. அரை நிமிடக் கணக்கைச் சொன்னேன், விநாடி உள்பட.

இவர் வெகுநேரம் பேசவில்லை. வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "முந்தின நாள் சாயங்காலம் வண்டியை எடுத்துப் போனது நான். பெட்ரோல் தீர்ந்துபோனது தெரிந்தும் காலையில் அவனே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். பங்க்குக்குப் போகத்தான் அவன் அந்த வழியில் போனான். இல்லாவிட்டால் அந்த முச்சந்தியே அவனுக்கு வழி கிடையாது."

ஒரே வீட்டில் இரண்டு பேர், தனித்தனியே, ஒரு வருடமாக.

இன்று கலாம் நினைவிடத்துக்குப் போவதாக இருந்தோம். இரண்டு பேருமே எட்டரை மணி வரைக்கும் தூங்கிவிட்டோம். எழுந்தபோது வெயில் ஏறியிருந்தது, போகவில்லை. கீழே போய் இட்லி சாப்பிட்டோம். சாம்பார் ஆறிப்போயிருந்தது என்று இவர் பரிமாறியவரிடம் சண்டைக்குப் போனார். தடுக்கவில்லை. உண்மையிலேயே ஆறித்தான் போயிருந்தது.

ஐந்தாம் நாள்: திரும்பினோம்

பிற்பகல் ரயில். இந்தத் தடவை ஏறியவுடனே இவர் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்துவிட்டு, நடைவழியில் காவல்காரர் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். ஒரு முழங்கை வரவில்லை.

பாம்பன் நிலையம் தாண்டியதும் கீழே நிலம் விலகித் தண்ணீர் வந்தது. பக்கத்தில் பழைய பாலம் துருப்பிடித்து நின்றது. பிறகு இரண்டு பக்கமும் உயர்ந்த கோபுரம், நடுவே அந்த 72.5 மீட்டர். அவன் உறையில் வரைந்த படத்தில் கோபுரத்தைக் கொஞ்சம் குட்டையாகப் போட்டிருந்தான். சில விநாடிகள்தான். தூக்குப் பகுதி மேலே போவதைப் பார்க்க முடியவில்லை, அதற்குக் கப்பல் வர வேண்டும். "பார்த்தாயா?" என்று இவர் கேட்டார். "பார்த்தேன். அவன் சொன்னபோது காது கொடுத்துக் கேட்டிருந்தால் இன்னும் புரிந்திருக்கும்" என்றேன். "எனக்குச் சொன்னதை நான் சொல்கிறேன்" என்று ஆரம்பித்தார். மானாமதுரை வரைக்கும் பேசினார். பாதி தப்பு. திருத்த அவன்தான் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. உள்ளே சாமி அலமாரிப் பக்கம் கைபேசி ஒலித்தது. ரீசார்ஜ் முடிய இரண்டு நாள் இருக்கிறது என்ற குறுஞ்செய்தியாக இருக்கும். நான் முன்னால் போய் விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இவர் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். பின்னால் கேட்டு திறந்தே கிடந்தது.

"கேட்டைச் சாத்திவிட்டு வாருங்கள்" என்றேன்.

பைகளைப் படியிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கொண்டி சரியாக விழவில்லை. இரண்டு மூன்று தடவை தட்டினார். எண்ணெய் போட்டு நாளாகிவிட்டது.